ஒரு வருஷத்து முடி

ஆர்.கே.பேட்டையை விட்டு நடந்துகொண்டிருந்தேன். விசைத்தறிச் சத்தம் ரோட்டு வளைவு வரைக்கும் கூட வந்து நின்றுவிட்டது. காதுக்குள் மட்டும் நிற்கவில்லை. மாதக்கணக்கில் தறி ஓட்டினவனுக்கு அது சீக்கிரத்தில் நிற்காது.

ஏன் கிளம்பினேன் என்று கேட்டால் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. முதலாளி நல்லவர். சோற்றுக்கும் குறைவில்லை. ஒரு நாள் காலையில் தறியை நிறுத்தினேன், பையில் இரண்டு சட்டையைத் திணித்தேன், வந்துவிட்டேன். எட்டாம் வகுப்பிலிருந்தும் இப்படித்தான் வந்தேன் என்பது இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும். திருத்தணியில் ரயில் பிடித்து ரேணிகுண்டா பக்கம் போகலாம் என்று ஒரு யோசனை. அங்கே யாரையும் தெரியாது. அதுவே போதுமான காரணமாகப் பட்டது.

வெயில் ஏறியிருந்தது. ஊரைத் தாண்டி ஒரு பஸ் நிழற்குடை. தண்ணீர் குடிக்க ஒதுங்கினேன். உள்ளே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். மொட்டைத் தலையில் முடி அரிசி அளவுக்கு முளைத்திருந்தது. மடியில் ஒரு மஞ்சள் துணிப்பை. அதை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தார்.

திருத்தணி பஸ் வந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "வர்றியா, இல்லியா? சொல்லு" என்றார். இவர் நிமிரவில்லை. பஸ் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போய்விட்டது.

"எங்க போவணும்ண்ணா?" என்று கேட்டேன்.

"மலைக்கு."

"இப்ப போனது மலைக்குப் போற பஸ்தானே?"

"ஆங். இதுக்கு முன்ன போனதும் அதான்."

அவ்வளவுதான் பேச்சு. நான் நடையைக் கட்டியிருக்கலாம். நடக்கவில்லை. அந்த முகத்தை எனக்கு ஏற்கெனவே தெரியும்.

டீயை ஆறவிடுகிறவர்கள்

அவரைத் தெரியாது. முகத்தைத்தான் தெரியும்.

சென்னையில் கொஞ்ச காலம் ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவினேன். எதிரில் பெரிய ஆஸ்பத்திரி. புற்றுநோய்க்கென்றே தனிக் கட்டடம் உண்டு. நோயாளிகளை நாங்கள் பார்த்ததே இல்லை, அவர்கள் உள்ளே இருப்பார்கள். எங்களிடம் வந்தவர்கள் எல்லாம் கூட வந்தவர்கள். நடைபாதையில் படுத்து, குழாயடியில் குளித்து, கோப்பையில் வெந்நீர் வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்கள்.

அவர்களில் இரண்டு வகை. 'ரெண்டு இட்லி, சட்னி வேணாம், அவருக்குக் காரம் ஒத்துக்காது' என்று அவசரப்படுகிறவர்கள் ஒரு வகை. அவர்களுக்கு வேலை இருக்கிறது, சண்டைகூடப் போடுவார்கள். இன்னொரு வகை, இனி யாருக்கும் எதுவும் வாங்க வேண்டியதில்லாமல் வந்து நிற்கிறவர்கள். டீ கேட்பார்கள். கையில் வாங்கி வைத்துக்கொண்டே நிற்பார்கள். ஆடை படிந்ததும் அப்படியே வைத்துவிட்டுப் போவார்கள். கடைக்காரர் அந்தக் கிளாஸ்களைப் பார்த்து ஒன்றும் சொல்ல மாட்டார். கொட்டிவிட்டுக் கழுவுவது என் வேலை.

ஒரு முறை ஒருவரிடம், "வேற டீ போடட்டா?" என்று கேட்டேன். அவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "யாருக்கு?" என்று கேட்டார்.

நிழற்குடையில் உட்கார்ந்திருந்தவருக்கும் அதே பார்வை. அடுத்த பஸ் வந்தபோது நான் அவர் கையைப் பிடித்துத் தூக்கினேன். மறுப்பே இல்லாமல் எழுந்து வந்தார். அப்படி மறுக்காமல் வந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பஸ்ஸில் கண்டக்டர் கலகலப்பானவர். இவர் தலையைப் பார்த்துவிட்டு, "இன்னா சாமி, மொட்டை போட்டு முடிச்சிட்டு மறுபடி மலைக்கா? பெரிய நேர்த்திக்கடன்தான் போல" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"காரியத்துக்குப் போட்டது" என்றார் இவர்.

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போய் நின்றுகொண்டார். திருத்தணி வரும்வரை திரும்பவில்லை.

முருகன் பேரில் ஒரு பொய்

திருத்தணியில் மொட்டைத் தலையைப் பார்த்து யாரும் இரக்கப்பட மாட்டார்கள். திரும்பின பக்கமெல்லாம் மொட்டை, சந்தனம் பூசின மொட்டை, குழந்தை மொட்டை. சரவணப்பொய்கைப் பக்கம் ஒரு டீக்கடையில் அவரை உட்காரவைத்தேன். டீ சொன்னேன். குடிக்கவில்லை. ஆடை படிந்தது.

பெயர் முனிரத்தினம். பள்ளிப்பட்டுக்கு அந்தப் பக்கம் ஊர். கொஞ்சம் நிலம், கரும்பு. பிள்ளை இல்லை. மனைவி வசந்தா போன மாதம் போய்விட்டார்.

"மார்ல கட்டி. சென்னைக்கு இட்டுகினு போனோம். டாக்டரு என்னத் தனியா கூப்ட்டு கேன்சருன்னாரு. வெளிய வந்து அவகிட்ட கொழுப்புக் கட்டின்னு சொல்லிட்டேன். ஊர்ல எல்லாரையும் அப்பிடியே சொல்லச் சொன்னேன். எல்லாரும் அப்பிடியே சொன்னாங்க."

அவர் பேசும்போது பையைப் பார்த்தே பேசினார்.

"மருந்து ஏத்தினாங்க. முடி கொட்டுச்சு. தலகாணில கொத்துக் கொத்தா கெடக்கும். கட்டிக்கு எங்கனா முடி கொட்டுமாய்யான்னு கேட்டா. நான் இன்னா சொல்லுவேன்? வாயில வந்தத சொன்னேன். உன் முடிய நான் திருத்தணிக்கு நேந்துகினேன், முருகன் முன்னாடியே கேக்கறாரு, சேத்து வை, நல்லானதும் மலைல போயி குடுத்துடலாம்னு."

"நம்பினாங்களா?"

"அன்னிலேர்ந்து ஒரு முடி வுடல. சீப்புல மாட்னது, சோத்துத் தட்டுல வுழுந்தது, அல்லாத்தையும் பொறுக்கி, அலசி, காய வெச்சி, விரல்ல சுத்தி இதுல போட்டா. எந்திரிக்க முடியாம கெடந்தப்பகூட, பாயத் தட்டாத, மொதல்ல பொறுக்குன்னுவா."

பையின் வாயைக் கொஞ்சம் திறந்து காட்டினார். சின்னச் சின்னச் சுருள்கள். நரை கலந்த முடி. நல்ல சீயக்காய் வாசனை வந்தது.

"நான் நேந்துக்கவே இல்ல, தம்பி. அதான் விஷயம். சாமி பேர சொல்லிப் பொய் சொன்னேன். அது கேட்டுகினு இருந்திருக்குது. சரின்னு எடுத்துகிச்சு. முடிய மட்டும் இல்ல."

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சொந்தக்காரப் பெண்கள் வசந்தாவின் புடவைகளைப் பங்கு பிரித்தார்களாம். மாத்திரை, கண்ணாடி, சீப்பு எல்லாம் ஏரியில் போயிற்று. கண்ணில் பட்டால் இவர் வருத்தப்படுவார் என்று நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். 'ஆம்பள அழுவாத, மனசத் தேத்திக்கோ' என்று சொல்லிவிட்டு மறுநாள் பஸ் ஏறினார்கள். இந்தப் பை உர மூட்டைக்குப் பின்னால் இருந்ததால் தப்பித்தது.

"இன்னிக்கு மேல போயி குடுத்துடணும்" என்றார்.

ஒரு சாவு நடந்த வீட்டுக்காரர் வருஷம் திரும்புகிற வரைக்கும் மலைக் கோயிலுக்கு ஏறக்கூடாது. அந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் வந்திருக்கிறார்.

"குடுத்துட்டு?" என்று கேட்டேன்.

பையின் வாயைச் சுருட்டி மறுபடி பொத்திக்கொண்டார்.

நேராகக் கேளுங்கள்

அவருடைய போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது.

"யாருண்ணா?"

"சிஸ்டரு. அவள வூட்ல வந்து பாத்துக்கும். புண்ணக் கட்டும், ஊசி போடும். அவ போனப்புறமும் போன் பண்ணுது. எப்பிடி கீறீங்கன்னு கேக்கும். இன்னாத்த சொல்றது? எடுக்கறதில்ல."

மூன்றாம் முறை அடித்தபோது போனை என் பக்கம் தள்ளினார். நான் எடுத்துக்கொண்டு நாலடி தள்ளிப் போனேன். அவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்திலேயே நின்றேன்.

அந்தப் பெண்ணின் பெயர் கஸ்தூரி. படுக்கையில் இருக்கும் புற்றுநோயாளிகளை வீட்டில் போய்ப் பார்க்கும் ஒரு சின்ன அமைப்பில் நர்ஸ். நான் யார் என்று கேட்டார். வழியில் பார்த்தவன் என்றேன்.

"இன்னா பேசறாரு?"

"மலை ஏறணும்னு சொல்றாரு சிஸ்டர். எறங்கறதப் பத்தி ஒண்ணும் சொல்லல."

 அவர் குரல் தணிந்து வந்தது.

"நான் கனகம்மாசத்திரத்துல ஒரு வீட்ல இருக்கேன். ஆட்டோ புடிச்சு வந்துர்றேன். அவரத் தனியா விடாதீங்க, பாத்ரூம் போனாலும் வாசல்ல நில்லுங்க. இன்னொண்ணு. அவர்கிட்ட நேரா கேளுங்க, செத்துப்போவணும்னு நெனப்பு வருதான்னு."

"அத எப்பிடிக் கேக்கறது? இல்லாதத நான் கெளப்பி வுட்ட மாதிரி ஆயிடாதா?"

"ஆவாது. இல்லன்னா இல்லன்னு சொல்லுவாரு. இருந்தா, கேக்க ஒரு ஆள் வந்தானேன்னு சொல்லுவாரு. பதினாறு நாளும் நம்ம சனங்க எல்லாத்தையும் கேப்பாங்க. இத மட்டும் கேக்க மாட்டாங்க."

நான் லாரியில் மூட்டை ஏற்றியிருக்கிறேன், கிணற்றில் இறங்கித் தூர் வாரியிருக்கிறேன். அந்த நாலடியைத் திரும்பி நடந்ததுபோல எதுவும் கனத்ததில்லை.

எதிரில் உட்கார்ந்தேன். டீக்கடைக்காரர் பால் சட்டியைக் கலக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் பஞ்சாமிர்தம் யார் கையில் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணா. செத்துப்போவணும்னு நெனப்பு வருதா?"

அவர் முதல் முறையாக என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். தோள்கள் இறங்கின. அவ்வளவுதான்.

"வருது" என்றார். "காலைல எந்திரிச்சா மொதல்ல அதான் வருது. முடியக் குடுத்துட்டா கணக்கு தீந்துடும். அப்புறம் எதுக்குக் கீழ எறங்கணும், யாரு கீறா அங்க, அப்பிடின்னு தோணுது."

 சிஸ்டர் அடுத்த கேள்வியைச் சொல்லித்தரவில்லை. "சரிண்ணா, நான் இங்கயேதான் இருப்பேன்" என்றேன். அது பதிலா என்ன என்று தெரியாது. அவர் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். ஆறிப்போன டீ.

பாவா

சிஸ்டருக்கு முன்னால் டில்லி வந்துவிட்டான். வசந்தாவின் தம்பி, அக்கா புருஷனைப் பாவா என்று கூப்பிடுகிறவன். சிஸ்டர்தான் அவனுக்கும் போன் செய்திருக்கிறார். பைக்கை ஸ்டாண்டுகூடப் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு ஓடிவந்தான்.

"பாவா, இன்னா வேல பண்றே நீ? காலைலேர்ந்து கரும்புத் தோட்டம் பூரா தேடிகினு கீறேன். வா, வூட்டுக்குப் போலாம்."

முனிரத்தினம் எழுந்தார். வீட்டுக்கு இல்லை. படிக்கட்டுப் பக்கம் நடந்தார். டில்லி முன்னால் போய் மறித்தான்.

"வருஷம் திரும்பல பாவா. ஏறக்கூடாது. ஊர்ல நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

"நாலு பேரு வந்து என்கூடப் படுக்கறாங்களா ராத்திரில? வழிய வுடு."

"பைல இன்னா கீது? காட்டு." டில்லி பையைப் பிடித்துவிட்டான்.

நான் அப்போது நடுவில் போனேன். முனிரத்தினத்தின் முகம் மாறிய விதம் அப்படி. பை கிழிந்திருந்தால் அங்கேயே என்ன நடந்திருக்கும் என்று தெரியாது. படியேறிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு காவடிக்காரர், "சாமி சந்நிதில சண்டை போடாதீங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"உங்க அக்கா முடிப்பா" என்றேன். "விடு."

டில்லி கையை எடுத்துவிட்டான். சூடு பட்டதுபோல எடுத்தான். பிறகு படியில் உட்கார்ந்து முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். அக்கா போனதிலிருந்து இவனை யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று எனக்கு அப்போதுதான் பட்டது. பந்தல் போடுவதும் சோறு வடிப்பதும் ஐயரைக் கூப்பிடுவதும் இவன் தலையில் விழுந்திருக்கும்.

ஆட்டோவில் சிஸ்டர் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கும். குள்ளம், பெரிய தோள்பை. வந்ததும் யாரையும் அதட்டவில்லை. டில்லியின் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். பிறகு முனிரத்தினத்தை நிமிர்ந்து பார்த்து, "அண்ணா, கால் வலிக்கும், உக்காருங்க" என்றார். அவர் உட்காரவில்லை.

"குடுக்கணும் சிஸ்டர். அவகிட்ட சொல்லியிருக்கேன்."

"குடுக்க வேணாம்னு நான் சொல்லலியே."

"இவன் ஏறவுட மாட்றான்."

"அவன் சொல்றது அவனுக்கு. உங்களுக்கு எப்படி இருக்கு? வருஷம் திரும்பாம ஏறினா உங்க மனசு ஒத்துக்குமா?"

முனிரத்தினம் மலையைப் பார்த்தார். "ஒத்துக்காது" என்றார். "பொய்யச் சொல்லிட்டு, இதையும் மீறிட்டு எப்பிடி நிக்கறது அவர் முன்ன?"

ஏறினால் குற்றம், ஏறாவிட்டால் குற்றம். அந்த இடத்தில்தான் அவர் மாட்டிக்கொண்டு காலையிலிருந்து பஸ்களை விட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உனக்கு வருஷம் கிருஷம் எதனா கீதா?"

"எனக்கு யாரும் இல்லண்ணா. தீட்டு வர்றதுக்குக்கூட ஆள் இல்ல."

"அப்ப நீ எடுத்துகினு போ."

பையை என் கையில் கொடுத்தார். கொடுத்தபிறகு கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

சிஸ்டர், "இவரு திரும்பி வர்ற வரைக்கும் நம்ம மூணு பேரும் இங்கயே இருக்கோம். சரியாண்ணா? எனக்கு ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார்.

"கீறேன்" என்றார் அவர்.

நான் செருப்பை விட்டுவிட்டு ஏறும்போது சிஸ்டர் என்னோடு நாலு படி வந்தார். "மேல எது நடந்தாலும் நடந்தத மட்டும் சொல்லுங்க" என்றார். "அந்த வீட்ல நல்லதுக்குன்னு சொன்ன பொய் ஏற்கெனவே நெறைய இருக்கு."

மேலே

கல் படி சுட்டது. பைக்கு எடையே இல்லை. கையில் எதுவும் இல்லாததுபோலவே இருந்தது, அதனால் அடிக்கடி குனிந்து பார்த்துக்கொண்டேன்.

மொட்டை போடும் இடத்தில் தரையெல்லாம் ஈரம். சந்தன வாசனை, குழந்தைகளின் அழுகை, கத்தி தலையில் இழுபடும் சத்தம். வரிசையில் நின்று ஒருவர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"சீட்டு எங்க? தலையக் குனி."

"எனக்கில்லண்ணா. இது." பையைத் திறந்தேன்.

அவர் எட்டிப் பார்த்தார். "இது வெட்னது இல்லியே. உதுந்தது."

"ஆமா. நேந்துகினது. சேத்து வெச்சிருந்தாங்க."

"உதுந்ததெல்லாம் காணிக்கைல சேக்கறதில்ல, நைனா. ஆள வரச்சொல்லு."

"ஆள் இல்லண்ணா. தவறிட்டாங்க. போன மாசம்."

அவர் கத்தியைத் தண்ணீரில் முக்கினார். "வருஷம் திரும்பட்டும். வூட்டுக்காரரு இருந்தா அவரு வந்து ஒக்காந்து அவரு முடியக் குடுக்கட்டும். இத அப்பப் பாத்துக்கலாம். எந்திரி, பின்னால கொழந்த அழுவுது."

எழுந்தேன். ஓரத்தில் மழித்த முடி கூடை கூடையாக இருந்தது. யாரும் என்னைக் கவனிக்கவில்லை. பையைக் கவிழ்த்தால் முடிந்தது. அதற்கப்புறம் வசந்தாவின் முடி எது, அடுத்தவர் முடி எது என்று யாராலும் சொல்ல முடியாது. கீழே போய், 'சேத்துட்டேன்ணா, எடுத்துகினாங்க' என்று சொன்னால் அவர் கையெடுத்துக் கும்பிடுவார்.

அங்கேயே நின்றேன். கால் நனைந்துகொண்டிருந்தது.

முடியைக் கொடுத்துவிட்டால் கணக்கு தீர்ந்துவிடும் என்று அவர் சொன்னது காதில் கேட்டது. காலிப் பையோடு போனால் அவர் கணக்கை நானே தீர்த்துவைத்தவன் ஆவேன். நிறைந்த பையோடு போனால், சாமி இதையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டதாக எடுத்துக்கொள்வார். எது அவரைக் கொல்லும், எது கொல்லாது என்று எனக்குத் தெரியவில்லை. படித்தவர்களுக்குத் தெரியுமோ என்னவோ.

சிஸ்டர் சொன்னது ஒன்றுதான் கையில் இருந்தது. பையின் வாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன்.

கீழே

பாதி இறங்கினதும் கீழ்ப்படி கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டு பேர்தான் இருந்தார்கள். சிஸ்டர், டில்லி. மூன்றாவது தலை இல்லை.

மீதிப் படிகளை எப்படி இறங்கினேன் என்று ஞாபகம் இல்லை. ஒரு அம்மாவின் தேங்காய்த் தட்டை இடித்துவிட்டேன், அவர் திட்டினது மட்டும் ஞாபகம் இருக்கிறது. கிட்டே போனபிறகுதான் பார்த்தேன், அவர்களுக்கு ஒரு படி கீழே, தூணின் மறைவில் முனிரத்தினம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் கையைத்தான் முதலில் பார்த்தார். பையில்தான் அவர் கண் நின்றது.

"எடுத்துக்கல" என்றேன்.

டில்லி எழுந்தான். "யோவ், இன்னா ஆளுய்யா நீ? சேத்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா இன்னா?"

"டில்லி, நீ உக்காரு" என்றார் சிஸ்டர். என்னை அவர் பார்க்கவில்லை. முனிரத்தினத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சொன்னாங்க?" என்று முனிரத்தினம் கேட்டார்.

ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். உதிர்ந்ததைச் சேர்ப்பதில்லை என்றது. ஆள் எங்கே என்றது. வருஷம் திரும்பட்டும், வீட்டுக்காரர் வந்து தன் முடியைக் கொடுக்கட்டும், இதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றது. பின்னால் குழந்தை அழுதது வரைக்கும் சொன்னேன்.

அவர் கை தன்னால் தலைக்குப் போனது. அரிசி மாதிரி முளைத்திருந்த முடியை உள்ளங்கையால் தேய்த்தார்.

"இது காரியத்துக்கு மழிச்சது" என்றார். "இதுல இன்னா கீது குடுக்கறதுக்கு?"

 சிஸ்டர் தோள்பையைக் கழற்றிப் படியில் வைத்தார்.

"அண்ணா, நானும் ஒண்ணு சொல்லணும். உங்களுக்குக் கோவம் வரும். பரவால்ல. வசந்தாக்காவுக்குத் தெரியும்."

"இன்னாது?"

"கேன்சருன்னு. மொத தபா மருந்து ஏத்தினப்பவே தெரியுமாம். பக்கத்துக் கட்டில்ல இருந்த அம்மா சொல்லிட்டாங்களாம். நேர்த்தியும் இல்லன்னு தெரியும். 'அந்தாளு முருகனுக்கே பொய்க் கணக்கு எழுதறாரு சிஸ்டர், பாவம், அதப் புடிச்சிகினுதான் நிக்கறாரு, நான் சேத்து வெக்கலன்னா வுழுந்துடுவாரு'ன்னு சொல்லிச் சிரிச்சாங்க. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு என் கையப் புடிச்சிகினாங்க."

முனிரத்தினம் எழுந்தேவிட்டார். "தெரிஞ்சிகினே பொறுக்கினாளா? என் மொகத்தப் பாத்துகினே? நான் ஒரு பக்கம், அவ ஒரு பக்கம், ரெண்டு பேரும் கூத்தாடிகினு இருந்தமா? இத நீ அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"அவங்க இருந்த வரைக்கும் சொல்லக்கூடாது. அப்புறம் நீங்க போனே எடுக்கல."

அவர் கை ஓங்கியது. யாரை அடிக்க ஓங்கினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அது அப்படியே இறங்கி, என் கையிலிருந்த பையைப் பிடித்தது. பையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். கரகரத்த, அசிங்கமான அழுகை. படியேறுகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். டில்லியும் அழுதான். 'அழாதே' என்று சிஸ்டர் இருவரிடமும் சொல்லவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. நிழல் ஒரு படி நகர்ந்திருந்தது.

கடைசியில் முனிரத்தினம் மூக்கைச் சிந்திவிட்டு, "எனக்குச் சொல்லாம சாவறதுக்கு அவளுக்கு எவ்ளோ கொழுப்பு பாரேன்" என்றார். பிறகு டில்லியைப் பார்த்து, "ஒரு வருஷத்துல எவ்ளோ வளரும்?" என்று கேட்டார்.

டில்லிக்குக் கேள்வி புரியவில்லை. "இன்னா பாவா?"

"முடிதான்டா."

உட்காரும் வேலை

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதினால் அதுவும் பொய்தான். சிஸ்டர் அவரிடம் மறுபடி நேராகக் கேட்டார். நினைப்பு இன்னும் இருக்கிறது, இன்றைக்கு ஒன்றும் செய்துகொள்ள மாட்டேன் என்றார். டில்லியைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தையெல்லாம் அவன் வீட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னார். இரவு பக்கத்திலேயே படுக்கச் சொன்னார். மறுநாள் மனநல டாக்டரிடம் அழைத்துப்போக ஏற்பாடு செய்தார். டில்லி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கடைசியில் சிஸ்டர், "உனக்குத் தூக்கம் வருதா?" என்று அவனைக் கேட்டார். அவன் தரையைப் பார்த்தான். "நீயும் கூட வா, டாக்டரப் பாக்கலாம்" என்றார்.

பைக்கில் இருவருக்கும் நடுவில் மஞ்சள் பை போயிற்று.

நான் ஸ்டேஷன் பக்கம் திரும்பினேன். சிஸ்டர் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"வண்டி ஓட்டத் தெரியுமா?"

"ஆட்டோ, டெம்போ ரெண்டும் ஓட்டியிருக்கேன். லைசென்ஸ் இருக்கு."

"எங்க டிரைவர் ஸ்ரீபெரும்புதூர்ல கம்பெனி வேலைக்குப் போயிட்டாரு. வண்டி சும்மா நிக்குது, நான் ஆட்டோல அலையறேன்."

"இன்னா வேல சிஸ்டர்?"

"வண்டி ஓட்டணும். வீடு வந்ததும் உள்ள வந்து உக்காரணும். நோயாளி இருந்தா இருக்கற வரைக்கும், போயிட்டா போனப்புறமும். சொந்தக்காரங்க பஸ் ஏறினதுக்கு அப்புறம்தான் நம்ம வேல கூடுதலா இருக்கும்."

"உக்காந்து?"

"சும்மா உக்காரணும். அதான் கஷ்டம்."

சும்மா உட்காரச் சொல்லி எனக்கு யாரும் வேலை கொடுத்ததில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ரேணிகுண்டா வண்டிகள் வந்தன, போயின. நான் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தேன். நானும் ஒருவகையில் பஸ்ஸை விடுகிற ஆள் ஆகிவிட்டேன் என்று தோன்றியபோது கொஞ்சம் சிரிப்பு வந்தது.

மறுநாள் காலையில் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டேன். பழைய வேன். கிளட்ச் இழுவையாக இருந்தது. பள்ளிப்பட்டுத் தாண்டி, கரும்புக்கு நடுவே மண் ரோட்டில் போனோம். டாக்டரிடம் போக முனிரத்தினம் தயாராக இருப்பாரா என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.  அந்த வீட்டு வாசல் தெரிகிற வரைக்கும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

அவர் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். துவைத்த வேட்டி. டில்லி உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது, எல்லார் கண்ணிலும் படும்படி.

கிட்டே போனதும் தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது. அவர் தலை பளபளத்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"இன்னும் சீப்பு நிக்கல, தம்பி" என்றார்.

கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்.